ரிட்டாலியேட்டருக்கு வீட்டிலேயே பம்ப் பிடி: அளவெடுப்பு முதல் சோதனை வரை முழு வழிகாட்டி

டார்ட் எனப்படும் ஃபோம் குண்டுகளைச் சுடும் நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கிகளின் எலைட் வரிசையில் 2012-இல் வெளிவந்த ரிட்டாலியேட்டரில், ஒவ்வொரு டார்ட்டுக்கும் மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும். முன்னால் தாங்கிப் பிடித்திருக்கும் கை ஒவ்வொரு முறையும் மேலே ஏறி இறங்குகிறது, குறியும் கலைகிறது. ஸ்லைடோடு இணைந்து முன்புறத்தில் நகரும் பம்ப் பிடி ஒன்று இருந்தால் கை இடம் மாற வேண்டியதில்லை. பிவிசி குழாய், அலுமினியப் பட்டை, சில திருகுகளைக் கொண்டு அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பிடியை முதலில் வெட்டி அழகாக முடித்துவிடுகிறார்கள். பிறகு அதை ஸ்லைடோடு இணைக்கப் போனால் நீளம் பொருந்துவதில்லை. பிடி உடலில் முட்டும், அல்லது உள்ளே இருக்கும் கொக்கி விழுவதற்கு முன்பே நின்றுவிடும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் அளவு, பிறகு பிடி ஓடும் வழிகாட்டிக் குழாய், பிறகு பிடி, பிறகு அதை ஸ்லைடோடு இணைக்கும் பட்டையின் ஸ்லைடுப் பக்கம். பிடிப் பக்கத்துத் துளைகள் எப்போதும் கடைசியில்தான்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ரிட்டாலியேட்டரின் ஸ்பிரிங் பின்னிழுக்கும்போது அமுங்குகிறது. பின்கோடியில் கொக்கி விழுந்து, காற்றைத் தள்ளும் தண்டான பிளஞ்சரைப் பிடித்துக்கொள்கிறது. முன்தள்ளும்போது, டார்ட் நிரப்பும் பெட்டியான கிளிப்பிலிருந்து ஒரு டார்ட் மேலேறி உள்ளே செல்கிறது, அவ்வளவே; அந்த ஓட்டத்தில் பெரிய விசை இல்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. பிடி ஸ்லைடுக்கு முன்னால் இருப்பதால், நீங்கள் பிடியைப் பின்னிழுக்கும்போது பட்டைகள் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகின்றன. பாரம் மிகுந்த ஓட்டத்தில் பட்டை இழுபடுவதில்லை, அழுந்துகிறது. அழுந்தும் மெல்லிய பட்டை வெளிப்பக்கமாக வளைந்துவிடும். கயிறு, கேபிள் டை, மெல்லிய தகரம் ஆகிய எதுவும் இந்த வேலைக்கு ஆகாததற்குக் காரணம் இதுதான். இழுத்துப் பார்த்து உறுதியாக இருக்கிறது என்று நம்பி ஏமாறுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பாதுகாப்பு பற்றி மூன்று விதிகள். கிளிப்பைக் கழற்றி, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் வைத்த பிறகே எந்த வேலையும். துளையிடும்போதும் சோதிக்கும்போதும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். ஃபோம் டார்ட்டும் கண்ணில் பட்டால் காயம்தான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனையை மறைக்கும் எந்த வேலையையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. நாம் பொருத்தும் குழாய் அந்த முனையை மறைக்கும் என்பதால், குழாயின் முன்விளிம்பில் ஆரஞ்சு டேப் சுற்றுவதும் இந்த வேலையின் ஒரு படி. உடலுக்குக் கறுப்பு வண்ணம் பூச வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இது பொம்மை என்று தெரிந்தாக வேண்டும்.

ஸ்பிரிங்கை இப்போது மாற்றாதீர்கள். தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு பிடி வழுக்கிக்கொண்டு ஓடிய பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

2. வாங்க வேண்டியவை

குழாய்தான் இந்த வேலையின் உயிர். ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் அளவு) வகை வெள்ளை யுபிவிசி குழாயில் மூன்று அளவுகள் வேண்டும்: ஒரு இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச். ஒவ்வொன்றிலும் ஒரு அடித் துண்டு போதும்.

இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அமைவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. ஒன்றரை இஞ்ச் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 40.9 மி.மீ. இடையே ஒரு பக்கத்துக்கு 3.7 மி.மீ. இடைவெளி. ஒன்றேகால் இஞ்ச் குழாயின் சுவர் ஏறத்தாழ 3.6 மி.மீ. அதிலிருந்து வெட்டிய வளையம் அந்த இடைவெளியை நிரப்பினால், பிடி ஆடாமலும் இறுகாமலும் ஓடும்.

குழாய் வாங்குவதில் இரண்டு தவறுகள் நேரும். ஒன்று, பால்நிறத்தில் இருக்கும் வெந்நீர்க் குழாயான சிபிவிசியை எடுத்துவிடுவது. அதில் ஒரு இஞ்ச் என்று எழுதியிருந்தாலும் வெளிவிட்டம் 28.6 மி.மீ.தான். மற்றொன்று, 32, 40, 50 என மில்லிமீட்டர் அளவில் விற்கும் பாசனக் குழாய்கள். அவற்றின் சுவர் மெல்லியது, மேலே சொன்ன கணக்கும் அவற்றுக்குப் பொருந்தாது. கடையிலேயே ஒரு துண்டை மற்றதற்குள் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மற்றவை: 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் கொண்ட அலுமினியப் பட்டை ஒரு மீட்டர்; தாழ்ந்த உருண்டைத் தலை கொண்ட எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) திருகுகள், 16 மி.மீ., 20 மி.மீ. நீளங்களில்; நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டுகள், குமிழ்த் தலை நட்டுகள், வாஷர்கள்; டார்ட் வெளிவரும் முகப்பில் பொருத்த 6 மி.மீ. நீளமுள்ள சிறு தகட்டுத் திருகுகள், எம்-சீல், குழாய் ஒட்டும் பசை, சிலிக்கான் கிரீஸ், மின் டேப், ஆரஞ்சு டேப், டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப், குழந்தைகள் விளையாடும் களிமண் சிறிதளவு. களிமண் எதற்கு என்பது ஆறாம் படியில் தெரியும்.

கருவிகள்: நீண்ட தண்டுள்ள ஸ்டார் திருப்புளி (பொம்மையின் திருகுகள் ஆழமான குழிக்குள் இருக்கின்றன, குட்டைத் திருப்புளி எட்டாது), ஹாக்சா, அரம், உப்புத்தாள், துளையிடும் இயந்திரம், 2 மி.மீ., 4.2 மி.மீ. துளையாணிகள், சி-கிளாம்ப் இரண்டு, வெர்னியர் அல்லது நல்ல ஸ்கேல்.

பசை, திரவம் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. குழாய் ஒட்டும் பசை குழாயோடு குழாயை ஒட்டுவதற்கு மட்டும். அது பொம்மையின் ஏபிஎஸ் உடலை இளக்கிவிடும். திருகு தளராமல் இருக்க ஊற்றும் பூட்டுத் திரவமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் நுண்விரிசல்களை உண்டாக்கும். சில நாள் கழித்துத் துளையைச் சுற்றி வெடிப்பு தெரியும். நைலான் நட்டு அதே வேலையைத் தீங்கின்றிச் செய்கிறது.

3. ஓட்டத்தை அளப்பது

ஸ்லைடு முன்கோடியிலிருந்து பின்கோடி வரை நகரும் தூரத்தை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடின் முன்விளிம்பு இருக்கும் இடத்தில் உடல்மீது பென்சிலால் ஒரு கோடு. முழுவதும் பின்னிழுத்து மறுபடி ஒரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே ஓட்டம். எலைட் டார்ட் ஏறத்தாழ 72 மி.மீ. நீளம் என்பதால் ஓட்டம் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும். குறைவாக வந்தால் நீங்கள் முழுவதும் இழுக்கவில்லை.

கொக்கி விழும் சத்தம் கேட்ட இடத்தில் நிறுத்தி அளக்கக் கூடாது. சத்தத்துக்குப் பிறகும் ஸ்லைடு சற்று நகரும். அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரை விட்டுவிட்டு அளந்தவரின் பிடி, புதிதாக இருக்கும்போது வேலை செய்யும். பட்டை சற்றே தளர்ந்ததும் கொக்கி விழாமல் போகும்.

இன்னும் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்லைடின் பக்கவாட்டு அகலம்; அதன் பக்கச்சுவரின் கீழ்விளிம்பு டார்ட் வெளிவரும் துளையின் மையத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது; முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டப் பகுதியின் விட்டம். கூடவே வரும் நீட்டிப்புக் குழலையும் முன்பிடியையும் கழற்றிவிட்டே அளக்க வேண்டும்.

4. வழிகாட்டிக் குழாய்

பிடி எதன்மேல் ஓடுகிறதோ அதுவே வழிகாட்டிக் குழாய். இதற்கு ஒரு இஞ்ச் குழாய். உள்விட்டம் ஏறத்தாழ 26.6 மி.மீ. இருப்பதால் 13 மி.மீ. அளவுள்ள டார்ட் சுவரில் படாமல் வெளியேறும். வலுவாக இருக்கட்டும் என்று உள்ளே இன்னொரு குறுகிய குழாயைச் செருகுகிறவர்கள் உண்டு. டார்ட் அதில் உரசி வேகத்தை இழக்கும், செய்யாதீர்கள்.

நீளத்துக்கான கணக்கு: பிடியின் நீளம், ஓட்டம், பின்னால் 10 மி.மீ. இடைவெளி, முன்னால் 15 மி.மீ., முகப்பின்மேல் ஏறும் பகுதி ஆகியவற்றின் கூட்டுத்தொகை. பிடி 140, ஓட்டம் 90, முகப்பில் 20 என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 275 மி.மீ. உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள், என்னுடைய எடுத்துக்காட்டை வெட்டிவிடாதீர்கள்.

பிடியின் நீளத்தை 140-க்குக் கீழே குறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்லைடு மேலே, பிடி கீழே இருப்பதால் இழுக்கும்போது பிடி சற்றே சாயப் பார்க்கும். குட்டையான பிடி சாய்ந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். நீளமான பிடி சாய இடமிருக்காது. மேசை இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் சிக்குவதும் இதே காரணத்தால்தான்.

முகப்பில் பொருத்தும் இடத்தில் இரண்டு நிலைமைகள் வரலாம். முகப்பின் வட்டம் குழாயின் உள்விட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால், இறுக்கமாக நுழையும் வரை மின் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றுங்கள். பெரியதாக இருந்தால் குழாயின் முனையைச் சூடாக்கி விரிக்க வேண்டும். பிளம்பர்கள் செய்வதுதான்; ஆனால் இளகிய குழாயைப் பொம்மையின் முகப்பிலேயே திணிக்காதீர்கள், அந்தச் சூட்டில் முகப்பும் உருக்குலையும். அதே விட்டத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதன்மேல் விரித்து, முழுவதும் ஆறிய பிறகு முகப்பில் ஏற்றுங்கள். முகப்பில் சிறு புடைப்புகள் இருந்தால் அவற்றுக்கு ஏற்பக் குழாய் விளிம்பில் அரத்தால் காடி எடுங்கள். குழாய் சுற்றிவிடாமல் இருக்கவும் அது உதவும்.

திருகு போடும் முன் குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளிப் கழற்றி, ஸ்பிரிங் தளர்ந்திருப்பதை மறுபடி உறுதி செய்துகொண்டு, முன்னாலிருந்து பாருங்கள். உள்ளே இருக்கும் துளை குழாயின் நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் டேப்பை அந்தப் பக்கம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு மூன்று பக்கங்களில் 6 மி.மீ. தகட்டுத் திருகு. குழாய்ச் சுவரே 3.4 மி.மீ. என்பதால் மிச்சம் உள்ளே செல்வது 2.6 மி.மீ.தான். நீளமான திருகு உள்ளே போய் டார்ட் வரும் வழியைத் தொட்டுவிடும்.

வெளிப்பரப்பில் அச்சிட்ட எழுத்துகளை நுண்ணிய உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்த மையின் சிறு மேடுகூடக் கையில் சொரசொரப்பாகத் தெரியும்.

5. பிடியும் அதன் உள்வளையங்களும்

ஒன்றரை இஞ்ச் குழாயில் 140 மி.மீ. வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்க, குழாயைச் சுற்றி ஒரு தாளை விளிம்போடு விளிம்பு சேரும்படி சுற்றி, அந்த விளிம்பை ஒட்டி அறுங்கள்.

ஒன்றேகால் இஞ்ச் குழாயில் 30 மி.மீ. அளவில் இரண்டு, 12 மி.மீ. அளவில் ஒன்று என மூன்று வளையங்கள். இரண்டு பிடியின் இரு முனைகளுக்கு, மூன்றாவது முன்தடுப்புக்கு. வளையத்தின் வெளிவிட்டம் 42.2, அது நுழைய வேண்டிய இடம் 40.9. ஆகவே ஒவ்வொரு வளையத்திலும் நீளவாக்கில் ஏறத்தாழ 4 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை அறுத்தெடுத்தால், அழுத்தியதும் வாய் மூடிக் கச்சிதமாக நுழையும்.

பசை போடாமல் முதலில் செருகி, வழிகாட்டிக் குழாயில் ஓட்டிப் பாருங்கள். கணக்குப்படி 0.4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். குழாய்ச் சுவர் சற்றுத் தடித்திருந்தால் இறுகும். வளையத்தின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். பிடியைச் செங்குத்தாகத் தூக்கினால் தானாகவே கீழே வழுக்கி விழ வேண்டும். அதுவே சரியான அளவு.

முன்வளையத்தை மட்டும் இப்போது ஒட்டுங்கள். பின்வளையத்தை ஒட்டிவிட்டால் உள்ளே திருகு வைக்கக் கை நுழையாது. இந்த ஒரு வரியை மறந்துவிட்டுப் பிடியையே மறுபடி வெட்டியவர்கள் அநேகம்.

பக்கவாட்டுத் துளைகள் நேரெதிராக இருக்க, ஒரு தாள்பட்டையைப் பிடியைச் சுற்றிக் கட்டி, சந்திக்கும் இடத்தில் வெட்டி, பாதியாக மடியுங்கள். மடிப்பும் விளிம்பும் எதிரெதிர்ப் பக்கங்களைக் காட்டும். அங்கே நீளவாக்கில் இரண்டு கோடுகள் மட்டும் வரைந்துகொள்ளுங்கள். துளை இப்போது வேண்டாம்.

6. பட்டையை ஸ்லைடோடு இணைப்பது

பொறுமை மிக அதிகமாகத் தேவைப்படும் படி இது. ஸ்லைடின் இரு பாதிகளையும் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி ஸ்லைடை எடுங்கள். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வையுங்கள். முடிந்தால் கழற்றும் முன் ஒரு புகைப்படமும் எடுங்கள்.

ஸ்லைடின் உட்சுவருக்கும் பொம்மையின் உடலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. திருகின் தலை அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். இதை அளக்கத்தான் களிமண். சிறு உருண்டைகளை உட்சுவரில் நான்கைந்து இடங்களில் ஒட்டி, ஸ்லைடைப் பூட்டி, மெதுவாக ஒரு முறை பின்னிழுத்து முன்தள்ளிக் கழற்றுங்கள். நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் தடிமனே அந்த இடத்தின் இடைவெளி. தாழ்ந்த உருண்டைத் தலையுள்ள எம்4 திருகின் தலை 2.2 மி.மீ. உயரம். 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அப்படி இடம் கிடைக்கவில்லையென்றால் எம்3 திருகுக்கு மாறுங்கள். உடலைச் செதுக்கி இடம் உண்டாக்கப் போகாதீர்கள்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு துளைகள் கட்டாயம். ஒன்றே இருந்தால் பட்டை அதைச் சுற்றித் திரும்பும், பிடி சாயும். துளை விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே இருக்கட்டும். கூடியவரை பக்கச்சுவரின் கீழ்ப்பகுதியில் அமையுங்கள். டார்ட் செல்லும் அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு குறைவாகப் பிடி சாயும்.

இரண்டு பட்டைகளையும் தேவையானதைவிட 30 மி.மீ. நீளமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு, ஸ்லைடுப் பக்கத்துத் துளைகளை ஒரே சமயத்தில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் அரை மில்லிமீட்டர் வேறுபாடாவது வரும். அந்த அரை மில்லிமீட்டர் ஒரு பட்டையை மட்டும் பாரம் சுமக்க வைத்து, பிடியை ஒரு பக்கமாகத் திருப்பும். முதலில் 2 மி.மீ. துளை, பிறகு 4.2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இயந்திரத்தை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

திருகுத் தலை உள்ளே, பட்டையும் வாஷரும் நைலான் நட்டும் வெளியே. பட்டை பிளாஸ்டிக்கை முழுதாக அணைத்து உட்காரும் வரை இறுக்கினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் சுவர் உள்வாங்கி உடலில் உரசத் தொடங்கும். ஸ்லைடை மறுபடி பூட்டி, பிடி இல்லாமல் பட்டைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்க, பல முறை இழுத்துப் பாருங்கள். கிளிப் தடையின்றி ஏறி இறங்குகிறதா, சிக்கிய டார்ட்டை எடுக்கும் கதவு திறக்கிறதா, பட்டை உடலில் எங்காவது உரசுகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

7. பிடியைப் பட்டையோடு இணைப்பது

ஸ்லைடு முழுவதும் முன்னால் இருக்கட்டும். பிடியை வழிகாட்டிக் குழாயில் ஏற்றி, அதன் பின்விளிம்பு, குழாய் முகப்பின்மேல் ஏறிய பகுதியின் முடிவிலிருந்து ஓட்டமும் 10 மி.மீ.யும் சேர்ந்த தூரத்தில் நிற்கும்படி டேப்பால் நிறுத்துங்கள். 90 மி.மீ. ஓட்டமென்றால் 100 மி.மீ. பின்னிழுத்து முடிக்கும்போது பிடி உடலைத் தொடவே கூடாது; நிறுத்தும் வேலை ஸ்லைடின் சொந்தத் தடுப்புக்கு உரியது.

ஸ்லைடின் அகலத்தையும் பிடியின் 48.3 மி.மீ. விட்டத்தையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் பட்டையை வளைத்துச் சரிசெய்யத் தோன்றும். வேண்டாம். வளைவு இருக்கும் இடத்தில்தான் அழுந்தும் பட்டை மடங்கும். எந்தப் பக்கம் குறுகலோ அந்தப் பக்கம் வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்புங்கள். அதற்கேற்ப நீளமான திருகை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டை ஸ்லைடிலிருந்து பிடியை நோக்கிச் சற்றுச் சரிந்து இறங்கினால் கவலை வேண்டாம். ஸ்லைடு, பட்டை, பிடி மூன்றும் ஒரே பொருளாக நேர்க்கோட்டில் நகர்வதால் சரிவு எதையும் தடுப்பதில்லை. இரு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் போதும்.

பட்டை பிடியின் பக்கக்கோட்டில் பொருந்திய நிலையில் துளைகளைக் குறியுங்கள். முன்முனையிலிருந்து 40 மி.மீ., 100 மி.மீ. என்பது நல்ல இடம். இரண்டும் வளையங்களுக்கு இடையே வருவதால், உள்ளே இருக்கும் 3.7 மி.மீ. இடைவெளியில் திருகுத் தலை படாமல் அடங்கும். பிடியைக் கழற்றித் துளையிடுங்கள். பட்டையில் 40 மி.மீ. இடத்துத் துளையை மட்டும் இப்போது போட்டு, அரத்தால் நீளவாக்கில் 5 மி.மீ. நீட்டுங்கள். இந்த நீள்துளை சரிபார்க்கும் காலத்துக்கு மட்டும்.

உள்ளிருந்து திருகை வைத்து, தற்காலிக நட்டுப் போட்டு, பிடியை ஏற்றி இழுத்துப் பாருங்கள். இறுகினால் நட்டைத் தளர்த்தி, சில மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி பாருங்கள். சரியான நிலை கிடைத்ததும் பட்டையில் 100 மி.மீ. இடத்துத் துளையை நீட்டாமல் வட்டமாகப் போடுங்கள். பாரத்தை இனி அந்தத் துளைதான் தாங்கும். நீள்துளையை மட்டும் நம்பி விட்டால், சில நாளில் நட்டு வழுக்கி, கொக்கி விழாத பிரச்சினை தலைகாட்டும்.

தட்டையான பட்டை உருண்டையான குழாயில் ஒரு கோட்டில் மட்டுமே தொடுவதால் ஆடும். இரண்டுக்கும் நடுவே எம்-சீல் பிசைந்து வைத்து, திருகை மெதுவாக இறுக்கி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கெட்டியானதும் பட்டைக்குப் பிடியின் மேல் ஒரு இருக்கை கிடைத்துவிடும். அது நன்றாக இறுகும் வரை, ஒரு நாளேனும், தொடாதீர்கள். பிறகு வெளிப்பக்கம் குமிழ்த் தலை நட்டுப் போடுங்கள், விரல் படும் இடம் என்பதால். நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை முனைகளை வெட்டி, விளிம்புகளை அரத்தால் மழுக்குங்கள். கடைசியாகப் பின்வளையத்தைப் பசையிட்டுச் செருகுங்கள். பசை உலர்வதற்குள் பிடியைக் குழாயில் ஏற்றினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பொறுத்திருங்கள்.

8. முன்தடுப்பு, கிரிப், கிரீஸ்

மூன்றாவது வளையத்தை வழிகாட்டிக் குழாயின் முன்முனையில் போட்டு இரண்டு சிறு திருகால் நிறுத்துங்கள். ஒட்ட வேண்டாம், என்றாவது பிடியைக் கழற்ற வேண்டியிருக்கும். திருகின் நுனி உள்ளே நீட்டாமல் பாருங்கள். ஸ்லைடு முன்கோடியில் இருக்கும்போது பிடியின் முன்விளிம்புக்கும் இந்த வளையத்துக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அன்றாடம் அது எதையும் தடுக்காது. பட்டை எப்போதாவது கழன்றால் பிடி முன்னால் பறந்துவிடாமல் காப்பதே அதன் வேலை. வளையத்தின் மேலும் குழாய் விளிம்பிலும் ஆரஞ்சு டேப்பைச் சுற்றுங்கள்.

பிடியின் மேல் கிரிப் டேப், பின்னிருந்து முன்னாகச் சுற்றினால் இழுக்கும் கைக்கு விளிம்பு மடங்காது. வழிகாட்டிக் குழாயில் மெல்லிய பூச்சாகச் சிலிக்கான் கிரீஸ். சைக்கிள் எண்ணெயும் துரு நீக்கும் தெளிப்பானும் பிளாஸ்டிக்குக்கும் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்துக்கும் ஆகாது. அவற்றில் தூசியும் ஒட்டும்.

9. சோதனை

டார்ட் இல்லாமல், மெதுவாக இழுத்துத் தொடங்குங்கள். கொக்கி விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகும் சற்று நகர இடமிருக்க வேண்டும். ஆனால் டார்ட் இல்லாமல் திரும்பத் திரும்பச் சுடாதீர்கள். முன்னால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லாததால் பிளஞ்சர் முழு வேகத்தில் மோதும்.

அடுத்து கிளிப்பில் டார்ட் நிரப்பி, சுவரில் தொங்கவிட்ட ஒரு பழைய போர்வையை நோக்கிச் சுடுங்கள். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு சற்றுக் கோணலாக இழுத்து. விளையாடும்போது யாரும் நேராக இழுப்பதில்லை, அதனால் கோணல் சோதனையில் தேறாத பிடி பயன்படாது.

கொக்கி சில முறை விழாமல் போனால் முதலில் ஸ்லைடுப் பக்கத்து நட்டுகளைப் பாருங்கள், பிறகு பிடி உடலில் முட்டுகிறதா என்று பாருங்கள். டார்ட் பாதி ஏறி நசுங்கினால் பெரும்பாலும் கை முழுவதும் முன்தள்ளாததே காரணம். முன்தடுப்பு சீக்கிரமே தடுத்தாலும் அப்படி நேரும், அந்த 3 மி.மீ. இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். டார்ட் வெளியே வந்ததும் ஒரு பக்கமாகத் திரும்பினால் வழிகாட்டிக் குழாய் மையம் விலகியிருக்கிறது. பட்டை வெளிப்பக்கம் வில்லாக வளைவது தெரிந்தால், அதன் நடுவே இரண்டு பட்டைகளையும் மேலாகச் சேர்க்கும் ஒரு குறுக்குத் துண்டு போடலாம். ஸ்லைடும் பிடியும் ஓடும் பாதையில் அது குறுக்கிடாதபடி இடம் பாருங்கள்.

இழுக்க இழுக்க ஒரே இடத்தில் மட்டும் சிக்கினால், வழிகாட்டிக் குழாயில் பென்சில் தூளைப் பூசிச் சில முறை ஓட்டுங்கள். தூள் அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் உப்புத்தாள் போடுங்கள்.

பிடி முகப்புக்கு முன்னால் வருவதால் கை எட்டுவது சிறுவர்களுக்குக் கடினம். அவர்களுக்குத் தோளில் அணைக்கும் பின்கட்டையைக் கழற்றிக் கொடுத்தால் உடலோடு அணைத்துப் பிடித்து இழுக்க முடியும். பிடி பின்னால் வரும்போது பட்டைக்கும் உடலுக்கும் நடுவே விரல் சிக்காதபடி எங்கே பிடிக்க வேண்டும் என்பதையும் காட்டிக் கொடுங்கள். முதல் சில நாள்களுக்கு விளையாடி முடித்ததும் எட்டு நட்டுகளையும் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.